இங்கிலீஷ் கிளாஸில் ஒரு பியானோ

எங்கள் மிஸ் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. இரண்டு அடி போட்டிருந்தால் பரவாயில்லை என்று நினைக்கும்படி பேசுவார், அவ்வளவுதான். ஒருநாள் சாய்ந்தமருதிலிருந்து வருகிற பிள்ளை ஒருத்தி பியானோவில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிழைவிட்டு, கடைசியில் விம்மத் தொடங்கினாள். மிஸ் எழும்பி வந்து தன் முந்தானையால் அவளுடைய முகத்தைத் துடைத்துவிட்டார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

"கண்ணீர் கட்டையில விழுந்தா கட்டை ஊதிரும் புள்ள. பிறகு அத ஆரு செய்யிற? அங்கால கிணத்தடியில போயிருந்து அழுதுபோட்டு வா."

அவள் கிணற்றடிக்குப் போனாள், அழுதாள், அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பிறகு வரவேயில்லை. மிஸ் அதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "அடுத்த ஆள்" என்றார். அடுத்த ஆள் நான்.

ஊருக்கு அது இங்கிலீஷ் கிளாஸ். கல்முனைக்குடியில், பிரதான வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில் மிஸ்ஸின் வீடு. முன் மண்டபத்தில் உண்மையாகவே இங்கிலீஷ் நடக்கும். மண்டபத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் பியானோ. எந்தப் பிள்ளை திரைக்கு அந்தப் பக்கம் போகிறது, எந்தப் பிள்ளை மண்டபத்தோடு நின்றுவிடுகிறது என்பது எல்லா உம்மாமாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். மார்க்கத்தில் இசை கூடுமா கூடாதா என்று ஆண்கள் தேத்தண்ணிக் கடையில் தொண்டை கிழிய வாதாடுவார்கள். பெண்கள் வாதாடாமல் பிள்ளையை இங்கிலீஷ் கிளாஸுக்கு அனுப்பிவைப்பார்கள். என் உம்மாவும் அப்படித்தான் என்னை மருதமுனையிலிருந்து சைக்கிளில் அனுப்பினார். டொக்டர் வீட்டுப் பிள்ளைகள் போகிற இடத்துக்குத் தன் பிள்ளையும் போகவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அங்கே என்ன படிப்பிக்கிறார்கள் என்பது அவருக்கு இரண்டாம் பட்சம்.

மிஸ் கொழும்பில் வளர்ந்தவர். அவருடைய வாப்பாவுக்கு அங்கே புடவைக் கடை. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தார், பியானோவையும் அங்கேயே ஒரு கன்னியாஸ்திரியிடம் பழகினார். அந்தக் கன்னியாஸ்திரி இவரை ஒரு நாளும் பாராட்டியதில்லையாம். கடைசி வகுப்பு முடிந்த அன்று மட்டும், "இனி நீ போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போ" என்றாராம். மிஸ் அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு அந்தக் கதையைப் பெருமையோடு சொல்லுவார். சாத்தச் சொன்னது கதவைத்தானே, இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கியதில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மிஸ்ஸின் வாப்பாவும் மகளுக்குச் சொந்த ஊரில் வீட்டைக் கட்டி, மேற்கொண்டு படிக்கவேண்டும் என்று நின்ற மகளைக் கூட்டிவந்து கலியாணம் முடித்துக் கொடுத்தார். அலுமாரி, கட்டில், கதிரைகளோடு பியானோவும் லொறியில் வந்திறங்கியது. வாசலால் நுழையாததால், உள்ளறைச் சுவரில் ஒரு பக்கத்தை உடைத்துத்தான் அதை உள்ளே தள்ளினார்களாம். கலியாணம் முடிந்த கிழமையே மாப்பிள்ளை, இந்தப் பெட்டி வேண்டாம், விற்றுவிடுவோம் என்று கதையைத் தொடங்கியிருக்கிறார். மிஸ் சொன்ன மறுமொழியை ஊரில் தெரியாத பெண் இல்லை.

"வீடு என்ட பேரில இரிக்கி. பெட்டி உள்ளுக்கு வாறத்துக்குச் சுவர உடைச்ச. நீங்க வெளிய போறத்துக்கு வாசலே போதும்."

அவர் போகவில்லை. நெல் யாவாரம் செய்துகொண்டு, கிளாஸ் நடக்கிற நேரமெல்லாம் ஆலையில் இருந்துவிட்டு, பியானோ மூடிய பிறகுதான் வீட்டுக்கு வருவார். பாவம் மனுஷன். அவரை நான் கண்டதெல்லாம் ஒழுங்கை முனையில், மோட்டார் சைக்கிளில் இருந்தபடி நாங்கள் போய்முடியட்டும் என்று காத்துக்கொண்டிருக்கும்போதுதான்.

மிஸ் படிப்பித்த விதம் வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியாது. பியானோவின் மூடி சாத்தியே இருக்கும். மூடியின் மேலே, கட்டைகள் எங்கெங்கே இருக்கின்றனவோ அங்கங்கே சோக்கால் கோடு போட்டிருப்பார். அந்தப் பலகையில்தான் நாங்கள் விரல்களை வைத்துத் தட்டவேண்டும். அயல் வீடுகளுக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்பது ஒரு காரணம். கடற்காற்றில் கம்பிகள் துருப்பிடிக்கின்றன, அறுந்தால் மாற்றக் கொழும்பிலிருந்துதான் ஆள் வரவேண்டும் என்பது இன்னொரு காரணம். ஈரம் ஏறாமலிருக்கப் பியானோவின் வயிற்றுக்குள் ஒரு பல்பு இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். அந்தப் பல்பின் சூட்டோடு காற்றாடியையும் நிற்பாட்டிவிட்டு மிஸ் எங்களுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். காற்றாடிச் சத்தத்தில் விரலின் சத்தம் கேட்காதாம். வியர்வை முழங்கையால் வழியும். துடைத்தால் ஏச்சு விழும்.

"நாலாம் விரல் பிந்துது."

"பெருவிரல் என்ன, மாடு மாதிரி மிதிக்கிது?"

"இது மாப் பிசையிற சத்தம். வீட்ட போய் உம்மாக்கு ரொட்டி சுடு."

கண்ணை மூடிக்கொண்டிருந்தே எந்த விரல் என்று சொல்லிவிடுவார். ஒரு நாளும் பிழைவிட்டதில்லை. முதல் வருஷம் முழுவதும் நான் பலகையைத்தான் தட்டினேன். வீட்டிலும் பலகைதான். வாப்பாவுக்கு மருதமுனையில் சாரன் நெசவு. தறிக்கு வாங்கிய மரத்தில் மிஞ்சிய ஒரு துண்டில் அவர் கறுப்புப் பெயின்ற் அடித்துக் கட்டைகள் கீறித் தந்தார். தறிகள் ஓடுகிற சத்தத்துக்குள் நான் அந்தப் பலகையில் தட்டிக்கொண்டிருப்பேன். எனக்கே கேட்காது. பிறகு மெல்ல மெல்ல மிஸ் எனக்கு மூடியைத் திறந்தார். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம் திறந்திருக்கும், பொழுதுபடப் பள்ளிவாசலில் மஹ்ரிபுக்கு வாங்கு சொல்வதற்கு முன்னால் மூடிவிடும். முதல் தடவை உண்மையான கட்டையை அழுத்திச் சத்தம் வந்தபோது நான் பயந்து கையை எடுத்துவிட்டேன். மிஸ் சிரித்தார். அவர் சிரித்ததை நான் கண்டது அப்போதுதான்.

பாராட்டு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. மிஸ் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அன்றைக்கு நாங்கள் வீட்டுக்குப் போய் இரண்டு கோப்பை சோறு சாப்பிடுவோம். ஒரு தரம் டொக்டரின் மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, எப்படிச் செய்கிறாள் என்று ஆசையாகக் கேட்டார்.

"மகளுக்குச் சமையல் வருமா?" என்றார் மிஸ்.

"ஓம் மிஸ், நல்லா வரும்."

"அப்ப அதப் பாருங்க."

அந்த அம்மா ஒழுங்கை முனை வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். மிஸ்ஸிடம் ஒரு நல்ல குணம் இருக்கிறது, பொய் சொல்லமாட்டார் என்று ஊரில் சொல்லுவார்கள். அதை நல்ல குணம் என்று சொல்லுகிறவர்கள் அவரிடம் படிக்காதவர்கள்.

இப்படி ஒவ்வொருத்தராகக் கழன்றுபோய், திரைக்கு அந்தப் பக்கம் கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன். நான் போட்ட கணக்கு எளிமையானது. உதவாதவர்களை மிஸ் அனுப்பிவிடுகிறார். என்னை இன்னும் அனுப்பவில்லை. ஆகவே நான் உதவுவேன். வாயால் ஒரு நாளும் சொல்லாததை இப்படித்தான் நான் அவரிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தேன். எனக்குப் பத்தொன்பது வயதாகும்போது பியானோவில் கடைசி வகுப்புக்கான சோதனை வந்தது. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வந்து சோதிப்பார்கள். அதில் தேறினால் கொழும்புக்குப் போய் மேற்கொண்டு படித்து, பியானோ டீச்சராகவே வரலாம். நான் அதைத் தவிர வேறொன்றுக்கும் ஆசைப்படவில்லை. சாப்பாடு, உடுப்பு, கலியாணம் எல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் நிந்தவூரிலிருந்து கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில், கட்டாரில் வேலை. உம்மாவுக்கு நிலைகொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நாலு இடத்தில் விசாரிப்பார்கள். அயல் வீடு, பள்ளிக்கூடம், கிளாஸ் என்று ஒன்றையும் விடமாட்டார்கள். அவர்கள் மிஸ் வீட்டுக்கு வந்த நேரம் நான் உள்ளறையில் இருந்தேன். மிஸ் திரையை இழுத்துவிட்டு மண்டபத்துக்குப் போனார். மாப்பிள்ளையின் உம்மாவும் மூத்த ராத்தாவும் என்று குரலிலேயே விளங்கியது.

நான் துஆ கேட்டேன். கலியாணம் நடக்கவேண்டும் என்று கேட்கவில்லை. மிஸ் ஒரே ஒரு தரம், இந்தப் பிள்ளைக்கு நல்ல கை என்று சொல்லிவிடட்டும். அந்தச் சொல் ஒன்று போதும். மாப்பிள்ளை வீட்டார் எழும்பிப் போய்விடுவார்கள், நான் மட்டக்களப்புக்குப் போய்விடுவேன். அல்லாஹ்வே, அவருடைய வாயைத் திற என்று கேட்டேன்.

ராத்தாதான் கதையைத் தொடங்கினார்.

"மிஸ், இங்கிலீஷ் படிச்ச எண்டா நல்லந்தானே. ஆனா உள்ளுக்கு ஒரு பெட்டி இரிக்கிதாமே. இந்தப் புள்ளதான் அதில கெட்டிக்காரியாம் எண்டு கேள்விப்பட்ட. நாளைக்கு எங்கட தம்பி அந்தப் புள்ளட வீட்டுலதான் வந்து இரிக்கப்போறான். அங்க பாட்டும் கூத்தும் எண்டா எங்களுக்குச் சரிவராது."

மிஸ் முதலில் தேத்தண்ணி கொடுத்தார். கோப்பைகள் வைக்கிற சத்தம் கேட்டது.

"இங்கிலீஷ் நல்லா வரும்" என்றார். "நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில போய்ப் படிப்பிக்கவும் ஏலும். பெட்டிய நினைச்சிப் பயப்பிடத் தேவல்ல. அவக்கு விரல் இரிக்கி, காது இல்ல. நான் சொல்ற இடத்தில, சொல்ற மாதிரி வைப்பா. நான் சொல்லாட்டி என்ன செய்யிற எண்டு தெரியா. கலியாணம் முடிச்சி ஒரு மாசம் தொடாம இருந்தா அவளே மறந்திருவா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மாப்பிள்ளையின் உம்மா. எல்லோரும் சிரித்தார்கள். பிஸ்கட் கடிக்கிற சத்தம் திரைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. காது இல்லாதவளுக்கு அதெல்லாம் நன்றாகவே கேட்டது.

அவர்கள் போன பிறகு மிஸ் உள்ளே வந்து, "இண்டைக்குப் போதும்" என்றார். எப்போதும் போலத்தான் சொன்னார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்குக் காது இல்லை என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், பொறாமை என்று தள்ளியிருப்பேன், அழுதுவிட்டு மறுநாள் வந்து வாசித்துக் காட்டியிருப்பேன். மிஸ் பொய் சொல்லமாட்டார். அதற்கு மேல் என்ன கேட்கிறது? சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சோதனைக்குப் போகவில்லை. நானாகவே உம்மாவிடம் போய், எனக்கு இனிப் பியானோவில் விருப்பமில்லை என்று சொன்னேன். உம்மா ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தலையைத் தடவி, "அதுதான் புத்தி" என்றார். கறுப்புக் கட்டை கீறிய பலகையை வாப்பா கோழிக்கூட்டுக்குக் கதவாக்கினார். கலியாணம் நடந்தது. எங்கள் ஊரிலேயே உள்ள சின்னத் தனியார் பள்ளிக்கூடமொன்றில் இங்கிலீஷ் டீச்சராகப் போனேன். மிஸ் சொன்னது அப்படியே பலித்தது. மறந்துவிடுவாள் என்றதுதான் பிழையாகப் போனது. ஒரு மாசம் போய், வருஷங்களும் போய்விட்டன. வகுப்பில் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது என் விரல்கள் மேசையில் தட்டும். காதில்லாதவளே என்று எனக்கு நானே சொல்லி நிற்பாட்டுவேன்.

மாப்பிள்ளை நல்லவர். இதை நான் குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே நல்லவர். ஒரு தரம் கட்டாரில் ஏதோ ஹோட்டலில் ஒருவர் பியானோ வாசிப்பதை வீடியோ எடுத்து அனுப்பினார். "எவ்வளவு வடிவா இரிக்கி, கேட்டுப் பாருங்க. நீங்களும் இத கொஞ்சம் பழகினீங்களாமே?" என்று கேட்டார். இவருக்காகத்தான் இவருடைய ராத்தா அன்றைக்குப் பயந்துபோய் வந்தார். "இல்ல, அது இங்கிலீஷ் கிளாஸ்" என்று சொன்னேன்.

போன நோன்புப் பெருநாளுக்குப் பிறகு என் தங்கைக்குக் கலியாணம் பேசினார்கள். சொந்தக்காரப் பெண்கள் எங்கள் வீட்டில் கூடியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கிற கதை வந்ததும், உம்மாவுக்கு வாய் நிற்கவில்லை. நான் வட்டிலப்பத் தட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன், உம்மா என்னைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"இந்தா நிக்காளே, இவட கலியாணம் எப்பிடி நடந்த எண்டு நினைக்கிறீங்க? அவங்க விசாரிக்க வரப்போறாங்க எண்டு எனக்கு முதல்நாளே தெரியும். நேர மிஸ்ஸிட்ட போன. காலப் பிடிக்காத குறையா அழுத. மிஸ், என்ட புள்ளைக்குப் பியானோ ஒண்டும் தெரியா, மொக்கு எண்டு சொல்லுங்க, ஒரு குமரக் கரை சேர்த்த நன்மை உங்களுக்குக் கிடைக்கும் எண்டு கெஞ்சின. அவவும் சொன்னாவே! இல்லாட்டி இண்டைக்கும் இவள் டொங்கு டொங்கு எண்டு தட்டிக்கிட்டுத்தான் இருந்திருப்பாள்."

எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நான் தட்டை வைத்தேன். கோபம் வந்திருக்கவேண்டும். உம்மாவின் முன்னால் நின்று கத்தியிருக்கவேண்டும். எனக்கு வந்ததோ சந்தோஷம். வெட்கம்கெட்ட, அடக்கமுடியாத சந்தோஷம். அது பொய்! மிஸ் வாழ்க்கையில் ஒரு பொய் சொல்லியிருக்கிறார், அது என்னைப் பற்றியது. எனக்குக் காது இருக்கிறது. இருந்திருக்கிறது. யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் அபாயாவை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, போன ஓட்டோவை மறித்து ஏறினேன்.

பாண்டிருப்பு தாண்டும்போது பார்த்தேன், என் விரல்கள் முழங்காலில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய பாடங்களெல்லாம் ஒன்றும் குறையாமல் வந்தன. நிற்பாட்டச் சொல்ல மனசு வரவில்லை. கட்டாருக்கு இன்றைக்கே கோல் எடுப்பேன், ஒரு கீபோர்ட் வாங்குவோம் என்று சொல்லுவேன், அவர் மறுக்கமாட்டார். சோதனைக்கு வயதெல்லை கிடையாது. கல்முனைச் சந்தையடியில் பஸ் ஒன்று குறுக்கே நின்று ஓட்டோக்காரர் ஏசிக்கொண்டிருந்தார். எனக்கு எல்லோரையும் பிடித்திருந்தது. உம்மாவைக்கூட மன்னித்துவிட்டேன்.

மிஸ் மண்டபத்தில் தனியே இருந்து மருந்துக் குளிசைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். கணவர் மௌத்தாகி இரண்டு வருஷம். வயது போயிருந்தது, ஆனாலும் நிமிர்ந்துதான் இருந்தார். திரை அதே இடத்தில் தொங்கியது.

"என்ன புள்ள, சொல்லாமக் கொள்ளாம வந்திரிக்காய்?"

நான் உட்காரக்கூட இல்லை. "மிஸ், மாப்பிள்ள வீட்டாக்கள் விசாரிக்க வரக்குள்ள, அதுக்கு முதல்நாள் உம்மா உங்களிட்ட வந்தாவா?"

"ஓம். வந்தா. நல்லா அழுதா."

"பொய் சொல்லச் சொன்னாவா?"

"ஓம்."

"அப்ப நீங்க சொன்ன பொய்தானே மிஸ்?" சிரித்தேன் என்று நினைக்கிறேன். "எனக்குக் காது இல்ல எண்டு சொன்ன பொய்தானே?"

மிஸ் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். யோசித்தார். பெரிய மனது பண்ணி ஆம் என்று தலையை ஆட்டியிருந்தால் எனக்கு அது ஆயுசுக்கும் போதும். அவருக்கும் அதனால் ஒன்றும் குறைந்திருக்காது.

"ஒரு குமருக்காகப் பொய் சொன்னாக் குத்தமில்ல எண்டுதான் நானும் இருந்தன்" என்றார். "அவங்க வந்து கேக்கக்குள்ள பார்த்தா, எனக்குப் பொய் தேவைப்படல்ல."

நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

"அப்ப ஏன் மிஸ் என்னை இவ்வளவு காலமும் வெச்சிப் படிப்பிச்ச? மத்தப் புள்ளைகள அனுப்பின மாதிரி என்னையும் அனுப்பியிருக்கலாமே."

"எல்லாரையும் அனுப்பினா நான் ஆரோட இரிக்கிற?"

அதையும் எப்போதும் போலத்தான் சொன்னார். பிறகு எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். நான் குடித்தேன். சீனி போட மறந்திருந்தார், நானும் கேட்கவில்லை. நான் எழும்பும்போது, தங்கைக்குக் கலியாணம் பேசுவதாகக் கேள்விப்பட்டேன், நல்ல இடமா என்று கேட்டார். ஓம் என்றேன்.

ஓட்டோக்காரர் இன்னும் ஒழுங்கை முனையில்தான் நின்றார். "திரும்பவும் மருதமுனைக்கா தங்கச்சி?" என்று கேட்டார். நான் பியானோக்காரியாக இருந்தது மருதமுனையிலிருந்து கல்முனைக்குடி வரைக்கும்தான். திரும்பி வருகிற வழியெல்லாம் கைகளை அபாயாவுக்குள் பொத்தி வைத்துக்கொண்டிருந்தேன்.